பாத்திமா கொண்டுவந்த பலகாரம்

மெர்சிங் கடற்கரையில் ஊர் திரும்பப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். கடற்காற்று மகளின் நெஞ்சு நோவுக்கு நல்லது என்றார்கள். மழைக்காலம் முழுக்க அவளோடு இங்கேதான் இருந்தேன். அவள் கேட்கக் கேட்க முறுக்குச் சுட்டேன், அண்டை வீடுகளுக்கும் கொடுத்தேன். மழை விடுமுன்னே அவள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுப் பாத்திமா சூடான பொட்டலத்தோடு ஓடிவருகிறாள். வாழைப்பழம் பொரித்திருக்கிறாள்.

"வேணாம்மா. நான் குடுத்துத்தான் பழக்கம்."

"தெரியுமே, பெரிய மகாராணி! துக்க வீட்ல ஒரு வருசம் எண்ணெய்ச் சட்டி ஏறாது, சொந்தந்தான் பலகாரம் கொண்டாரணும்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க உங்களுக்கு வேற யாரு இருக்கா பெரியம்மா? பிடிங்க லா!"

வாங்கிவிட்டால் மகள் செத்தது மெய்யாகிவிடும். பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு கையை நீட்டுகிறேன்.