குங்குமம் வைத்த வெள்ளி நாணயம்

மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று, நகைக்கென்று போட்ட சீட்டு முடிந்த பணத்தில், உறை பிரிக்காமல் வைத்தால் பின்னால் விலை ஏறும் என்று நம்பி, சேகரிப்பாளர்களுக்காகப் புதிதாக வெளியான வெள்ளி நாணய செட்டுகளை வாங்கி பீரோவில் வைத்திருந்தார் என் கணவர். ஆடி வெள்ளியன்று அதில் ஒன்றை எடுத்து உறையைப் பிரித்து, நாணயத்துக்குக் குங்குமம் வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டேன்.

"உறை பிரிஞ்சா விலையே போச்சு!" என்று கத்தியவர், அதன்பின் என்னிடம் பேசவே இல்லை.

மனசு கேட்காமல், பிரித்ததையும் பிரிக்காத ஒன்றையும் காரைக்குடியில் பழைய நாணயம் வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

"ரெண்டுக்கும் வெள்ளி விலைதான் ஆச்சி. நேத்து வந்த காசை யாரு தேடுறாக? வாங்குன விலைக்கு வராது" என்றார் கடைக்காரர்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்: "மகளுக்குத் தெரிய வேணாம்."

இப்போது எதை வாங்கப் போனாலும், "நாளைக்கே திருப்பிக் கொண்டாந்தா என்ன விலைக்கு எடுப்பீக?" என்று முதலில் கேட்கிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், விலை மட்டும் சொல்வதில்லை.