மூக்காயிக்கு ஒரு கல்

எதிர் விடுதிக்கு நேற்று பெயின்ட் அடித்தார்கள். அந்த வாசனை வந்தாலே எனக்கு மலைமேல் வடகவுஞ்சிப் பக்கம் யூகலிப்டஸ் காட்டுக்குள் ஒரு படத்துக்காக நாங்கள் போட்ட கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வரும். பயப்படாதீர்கள், எல்லாம் சாம்பல் நிறம் பூசிய தெர்மாகோல்.

அப்போது சினிமா கம்பெனிகளுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வெளியில் மட்டும் லொகேஷன் மேனேஜர் என்று சொல்லிக்கொள்வேன். அந்தப் படம் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டக் கதை. இயக்குநரோ, "அந்தக் காலத்தை இன்னைக்கு நடிச்சுக் காட்டுறவங்களைப் பத்தின படம்" என்பார். படத்துக்குள்ளேயே கேமராவும் தெரியும், விளக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் புரியாது. தலையை மட்டும் நன்றாக ஆட்டுவேன்.

துரைமார் கல்லறைகளில் பெயர் எழுதியாயிற்று. "கூலிங்களுக்கு அன்னைக்கு யாரு கல்லு வெச்சா? நாம வைப்போம். பழைய பேரா நாலு கேட்டுட்டு வாங்க" என்றார் இயக்குநர். கூட்டத்தில் நடிக்கப் பெரும்பாறை கிராமத்திலிருந்து வந்திருந்த ராமாயி அக்கா, "மூக்காயின்னு எழுதுங்க தம்பி" என்றார். அது யார் என்று நான் கேட்கவில்லை.

படப்பிடிப்பன்று மூடுபனி இறங்கியிருந்தது. கல்லறைகளைத் தாண்டிச் சும்மா நடந்துபோக வேண்டிய அக்கா, அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து வைத்தார். ஏதோ பேசினார். காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி பேசினார். இயக்குநர் கட் சொல்லவே இல்லை.

"யாருக்கா அது?" என்றேன், எல்லாம் முடிந்த பிறகு.

"எங்கம்மா. சிலோன் தோட்டத்துல தேயிலைக்கடியில பொதைச்சோம். மறுவாரமே எங்கள இந்தியாவுக்குப் போங்கன்னு கப்பல்ல ஏத்திட்டாங்க. குளிருதாம் தம்பி."

தன் சால்வையைக் கல்லுக்குப் போர்த்தினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்லுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். முட்டுக்கொடுத்த மூங்கில்தான் இருந்தது.

"இத மட்டும் பிரிச்சிராதீங்க."

"சரிக்கா."

மறுநாள் வெள்ளனே எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டோம். நானும்தான் கை கொடுத்தேன். அக்கா வந்து, இடம் தெரியாமல் மரம் மரமாகச் சுற்றினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "படத்துல இருக்கும்க்கா. அத யாராலயும் எடுக்க முடியாது" என்றேன்.

நம்பினார். படம் ஒரு செயலியில் வந்ததிலிருந்து, இந்தச் சில வருடங்களாக அம்மாவின் திதியன்று, பேரனின் போனில் அந்தக் காட்சியை நிறுத்திவைத்து அதன் முன்னால் வெற்றிலை வைக்கிறார்.

பெயின்ட் வாசனை கிளப்பிவிட, நேற்று நானும் படத்தைத் தேடினேன். எந்தச் செயலியிலும் இல்லை. கம்பெனியை மூடி வெகுநாளாகிறது. இன்று காலை அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, படத்தக் காணோம்ங்கிறான் பேரன். அம்மாவ இப்ப எங்க வெச்சிருக்கீங்க?"