காவலனின் வசனம்

சமணர்களைத் துன்புறுத்திய ஒரு மன்னனைப் பற்றிய படம் அது. வசனம் என்னுடையது. செஞ்சிக் கோட்டைக்குள் படப்பிடிப்பு. இருட்டிய பின் உண்ணாத சமணப் பெரியவரிடம் காவலன் சோற்றை நீட்டி, "யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு வாய் உண்" என்று நைச்சியமாகச் சொல்ல வேண்டும்.

காவலனாக நடித்த, பக்கத்து ஊரான மேல்சித்தாமூர்க்காரர் மேல் எனக்குக் காலையிலிருந்தே சந்தேகம். சும்மா சும்மா மதிலோரம் போய் மேற்கே பார்த்தார். போனில் முணுமுணுத்தார். படத்தை நிறுத்த ஆள் கூட்டுகிறாரோ? நிழல் நீள நீள என் பயமும் நீண்டது. பின்னாலேயே போய் ஒட்டுக்கேட்டேன்.

"எங்கள இன்னும் உடல. வெளிச்சம் போறதுக்குள்ள நீங்கள்லாம் முடிச்சிடுங்க."

கோட்டை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பொழுதுதான் சாய்ந்தது.

சாப்பாட்டு வண்டி வழியில் நின்றுபோனதால், மதியச் சோறு விளக்கு வைத்த பிறகே வந்தது. பெரியவராக நடித்தவர் அள்ளி அள்ளித் தின்றார். பசியில் வாடியிருந்த காவலன் வேடக்காரரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினேன்.

"வேணாம் சார். பொழுது எறங்கிடுச்சு. நாங்க சமணருங்க. வூட்லயும் இந்நேரம் சாப்ட்டு முடிச்சிருப்பாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பரிவோடுதான் சொன்னேன்: "காலையிலேர்ந்து பட்டினி. யாரு பாக்கப் போறாங்க? ஒரு வாய் சாப்பிடுங்க."

ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"இன்னா சார், என் டயலாக்க நீங்க பேசறீங்க?"

அதற்குப் பிறகு நான் யாரையாவது சந்தேகப்பட்டால், முதலில் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.