என் மட்டன் சுக்காவும் பச்சைக் கடலாமையும்

கொழுப்பு கூடிவிட்டது, இனி கீரைதான் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

இன்று ஒன்பதாவது படிக்கும் மகளோடு ஜெயங்கொண்டம் போனேன். வீட்டம்மா உடன் வரவில்லை. தைரியமாக ஓட்டலில் உட்கார்ந்து பரோட்டாவும் மட்டன் சுக்காவும் சொன்னேன்.

"டாக்டரு கீரைதானப்பா சாப்புடச் சொன்னாரு?"

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் யூடியூபில் பெரிய படிப்பெல்லாம் முடித்தவன். விடுவேனா?

"பச்சைக் கடலாமை தெரியுமா? கடல் புல்லும் பாசியுந்தான் திங்குது. நூறு கிலோவுக்கு மேல இருக்கு. கீரையா தின்னா இளைக்கும்னு எவன் சொன்னான்?"

"அது குட்டியா இருக்கறப்ப சின்ன நண்டு, ஜெல்லிமீனு எல்லாம் திங்கும்ப்பா. வளந்தப்புறந்தான் புல்லுக்கு மாறும். நீங்க எப்பப்பா வளருவீங்க?"

சுக்காத் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த சப்ளையர் அண்ணன், அதை என் இலையைத் தாண்டி அவள் பக்கம் வைத்தார்.

"வளர்ற புள்ளைக்குத்தான சார் கறி. உங்களுக்கு வெங்காயப் பச்சடி கொண்டாரட்டுமா?"

ஆக, நாற்பத்தெட்டு வயதில், ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு எதிரில், அடியேன் வளர்ந்துவிட்டேன். வாழ்த்த நினைப்பவர்கள் தாராளமாகக் கீழே கமெண்டில் வாழ்த்தலாம். கீரை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.