பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் இல்லை

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று சொன்னால், "இன்னுமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். பிள்ளை ஓடுகிறான், பாலர் பள்ளிக்குப் போகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான், இனி என்ன கோபம் என்கிறார்கள். அவன் ஓடுவது அவன் காலால். என் கோபம் என் தொண்டையில் இருக்கிறது.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. பிரசவம் முடிந்து வந்த என்னை மாமியார் பின்னறையில் படுக்க வைத்தார். கதவைத் திறந்தால் நேரே அடுப்படி. அடுப்படிச் சுவரில் தண்ணீர் பில்டர். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மாமியார் அதைத்தான் முதலில் காட்டுவார். அதில் யார் தண்ணீர் பிடித்தாலும் கொடகொடவென்று சத்தம் வரும். நான் படுத்த இடத்திலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் அதிலிருந்து தண்ணீர் கிடையாது.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாதாம். குடித்தால் வயிறு ஊதிவிடும், ஜன்னி வரும், தையல் ஆறாது. சோறு உண்டபின் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடத் தண்ணீர் வரும். சாமிக்குப் பால் வைக்கிற டம்ளர் இருக்குமே, அந்த அளவு. அதையும் மாமியார் பக்கத்திலேயே நின்று, "மெல்ல, மெல்ல, நனைச்சா போதும்" என்பார். எதை நனைத்தால் போதும்? நாக்கையா?

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பிள்ளை பெத்த மருந்து, எல்லாம் மாமியார் கையாலேயே செய்தார். சுறா மீனுக்காக விடியற்காலையில் பாசாருக்குப் போய் வந்தார். அவர் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் மதியம் கருவாட்டை வறுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் தரமாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்? கீரை குளிர்ச்சி, பழம் குளிர்ச்சி, வெள்ளரிக்காய் பேச்சையே எடுக்கக் கூடாது. ஃபேன் போடக் கூடாது. இந்த ஊர் வெயிலில் காலுக்குச் சாக்ஸ், காதுக்குப் பஞ்சு. மெத்தை நனைய வேர்க்கும். வேர்த்துப் போன தண்ணீருக்குக் கணக்கே இல்லை, உள்ளே போவதுதான் அந்தச் சாமி டம்ளர்.

பந்திங்கில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "பெரியவங்க நல்லதுக்குத்தான்மா சொல்வாங்க. கொஞ்ச நாளு பொறுத்துக்க" என்றார். கணவரிடம் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாததா? கேட்டுக்கோலா" என்று சொல்லிவிட்டுப் போய் ஐஸ் போட்ட சிரப் தண்ணீர் குடித்தார் மனுஷன். டம்ளரில் ஐஸ் கட்டி மோதுகிற சத்தம் அறைவரைக்கும் கேட்டது. பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் எனக்கு வாயாடி என்று பேர். அந்த வாய்தான் அங்கே ஒட்டிப்போய்க் கிடந்தது.

பிள்ளைக்குப் பால் பற்றவில்லை. சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிடுவான். டயப்பர் நனையவே நனையாது. பார்க்க வந்த சொந்தக்கார ஆன்டிகள் மெத்தையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு என் மார்பைப் பார்த்தே பேசினார்கள். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஏர்கோன்லயே உக்காந்து உக்காந்து பாலு வத்திப் போச்சு" என்றார் ஒருத்தர். "சில உடம்பு அப்படித்தான், பாலு இல்லாத உடம்பு" என்றார் இன்னொருத்தர். ஒருத்தராவது, 'நீ தண்ணி குடிச்சியாமா?' என்று கேட்டாரா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், வீட்டுக்கு வந்தார். மலாய்க்காரப் பெண், சிரித்த முகம். பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கண் மஞ்சள், தோல் மஞ்சள், எடையும் குறைந்திருக்கிறது, அடிக்கடி பால் கொடு, நாளைக் காலையில் கிளினிக்குக்குக் கொண்டுவா, ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ தண்ணீர் நன்றாகக் குடிக்கிறாயா என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"மினும் மிஸ்ஸி, பாஞாக் மினும்!"

குடிக்கிறாளாம். நிறையக் குடிக்கிறாளாம். மிஸ்ஸி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என் தலைமாட்டில் மாமியார் நின்றுகொண்டிருந்தார், அவர் கை என் தோளில் இருந்தது. பொய் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த வீடு ரெண்டுபட்டிருக்கும்.

மிஸ்ஸி போனதும் மாமியார் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, குளுக்கோஸ் கலந்து, பால் போத்தலில் ஊற்றிப் பிள்ளை வாயில் வைத்தார். "தண்ணி குடுத்தா மஞ்சள் எல்லாம் ஒண்ணுக்குல கழுவிட்டுப் போயிரும்" என்றார். பசியில் கிடந்த பிள்ளை அதையும் சப்பிக் குடித்தான். போத்தலுக்குள் குமிழி குமிழியாக ஏறியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையின் வாயிலிருக்கும் போத்தலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தாயைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது. தண்ணீர் வேண்டியவளுக்குத் தரமாட்டார்களாம், பால் வேண்டியவனுக்குத் தண்ணீர் தருவார்களாம்!

மறுநாள் காலை, கிளினிக்குக்குக் கிளம்பும் முன் மாமியார் என்னைக் குளிக்க வைத்தார். வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதித்த தண்ணீர், முதுகு வெந்துவிடும்போல. பாதியில் துண்டு எடுக்கப் போனார். நான் குழாயைத் திறந்து, குனிந்து, வாயை வைத்துவிட்டேன். மூச்சு விடாமல் குடித்தேன். மூக்கில் ஏறியது, புரையேறியது, மறுபடியும் குடித்தேன். நிமிர்ந்தால் வாசலில் மாமியார் துண்டோடு நிற்கிறார்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உள்ளே வந்து குழாயை மூடினார். குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டச் செல்லமாகச் சொன்னார்.

"உன் புருஷன் பொறந்தப்ப நானும் இப்படித்தான் பைப்புல குடிச்சேன். என் மாமியாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. வாயத் தொடைச்சுக்க."

அவரைக் கட்டிக்கொண்டு நான் அழுதிருக்க வேண்டும் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். போடி இவளே! எனக்கு உச்சந்தலைவரைக்கும் ஏறியது. அதுவரை அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரியாமல் செய்கிற மனுஷியை எப்படித் திட்டுவது என்று பொறுத்திருந்தேன். இவருக்குத் தெரியும்! இந்தத் தாகம் எப்படி இருக்கும் என்று தொண்டையோடு தெரியும்!

"தெரிஞ்சுக்கிட்டே குடுக்கலையா அத்தை?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தானே இருந்தோம்" என்றார்.

ஈரக் கைலியோடு வெளியே வந்தேன். மேசையில் பிள்ளைக்குக் கலந்து வைத்த குளுக்கோஸ் போத்தல் இருந்தது. நிப்பிளைத் திருகி எடுத்தேன். கணவர் பார்க்க, மாமியார் பார்க்க, அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். பிறகு பில்டரின் கீழே பெரிய மக்கை வைத்துப் பிடித்துப் பிடித்துக் குடித்தேன். "ஐயோ ஜன்னி வந்துரும்டா, அவளப் பிடிடா!" என்று மாமியார் கத்தினார். கணவர் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார்.

கிளினிக்கிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளையைக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே போட்டார்கள். அங்கிருந்த தமிழ் டாக்டரம்மாவிடம், மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா மாமியாரைத்தான் பார்த்துப் பேசினார். "தண்ணில வயிறு ரொம்பிட்டா பிள்ளை பால் சப்பாதும்மா. சப்பலன்னா பால் ஊறாது. பால் போனாத்தான் மஞ்சளும் இறங்கும். ஆறு மாசம் வரைக்கும் பிள்ளைக்குத் தண்ணியே வேணாம். தாகம் எடுத்தா இவங்கதான் குடிக்கணும்." மாமியார் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

பிள்ளை தேறினான். விளக்கின் அடியிலிருந்து அவனை எடுத்து எடுத்து மார்பில் போட்டேன், கேட்டபோதெல்லாம் குடித்தான், நானும் கேட்டபோதெல்லாம் குடித்தேன். பால் ஊறியது. பாலில்லாத உடம்பாம்! விசேஷ வீடுகளில் மாமியார் அவனை இழுத்து நிறுத்தி, "நான் பாத்த பத்தியந்தான், பேரன் எப்படி இருக்கான் பாருங்க" என்கிறார். ஆன்டிகள் ஆமாம் போடுகிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாயாசம் குடிக்கிறேன்.

இப்போது நாத்தனார் நிறைமாதம். தலைப்பிள்ளை, தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் பின்னறையை மாமியார் துடைத்துத் தயார் செய்தார். அந்தச் சின்ன டம்ளரை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று நானும் பின்னாலேயே போனேன். மேசைமேல் டம்ளர் இல்லை. புதிதாக ஒரு பெரிய கண்ணாடி ஜக் இருந்தது, மூடியோடு. ஜன்னலோரம் ஃபேன்கூட வைத்திருந்தார்.

"டம்ளர் எங்க அத்தை?"

"அவளுக்கு அதெல்லாம் வேணாம்மா" என்றார், படுக்கை விரிப்பை நீவிக்கொண்டே. "அவ தாங்க மாட்டா. சின்னதுலேருந்தே தாகம் பொறுக்க மாட்டா அவ."

நாக்கு நுனிவரை வந்ததை எல்லாம் அன்றைக்கு அந்த அறையில் கொட்டியிருந்தால் பக்கத்து வரிசை வீட்டுக்காரர்கள்கூட வந்திருப்பார்கள். வாசலில் நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அவள் மேல் எனக்கென்ன கோபம்?

ஜக்கை எடுத்துக்கொண்டு போய் பில்டரில் பிடித்தேன். கொடகொடவென்று சத்தம் வந்தது. விளிம்புவரை நிரப்பி, ஒரு டம்ளர் ஊற்றி நாத்தனார் கையில் கொடுத்தேன். பிறகு மாமியாரைப் பார்த்து, "எனக்குத் தாகம் எடுக்காதுன்னு யாரு அத்தை உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர் விரிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.