கம்பளி இருட்டில் கழுவிய படம்

வீட்டில் படம் கழுவுகிறவளுக்கு மருந்துப் பவுடர் அட்டன் கடையில் கிடைத்துவிடும். இருட்டுதான் எந்தக் கடையிலும் கிடைக்காது. மருந்துத் தட்டோடு மல்லுக்கட்டிய உங்களுக்கெல்லாம் இது தெரிந்ததுதான். நான் மல்லுக்கட்டியது றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்த நாளில். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் விட்டுப்போன பெட்டிக் கேமரா, டிஸ்பென்சரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. பிடிப்பது அவர், கழுவுவது நான்.

இரவல் கம்பளி

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டை, சன்னலில் சந்து, கதவில் இடுக்கு. மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவோமே, அந்தக் கறுப்புக் கம்பளிதான் எல்லாவற்றுக்கும் மருந்து. எங்களிடம் இருந்த இரண்டும் கூரைக்கும் சன்னலுக்கும் சரியாகிவிட்டன. கதவுக்குப் பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்காவிடம் கேட்டேன்.

அக்காவின் தங்கை பொன்னி தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு புருசனோடு இந்தியாவுக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை ரயில். அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் நிற்க வைத்துப் பிடித்திருந்தார். சுருளில் அதுதான் கடைசிப் படம்; கடைக்கு அடுத்த சுருள் வர ஒரு மாதமாகும். அதனால் அக்கா மறுபேச்சில்லாமல் கம்பளியைத் தந்தாள்.

"மூணு வருசமா இது மழையவே உள்ள விடல. வெளிச்சத்தையா விடப்போகுது?"

பிள்ளை இல்லாத தாலாட்டு

செவ்வாய்க்கிழமை அரைநாள் வேலைக்கு அரைப்பேர் போதுமென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்; பிள்ளை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவிலேயே இருந்தாள். மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். அந்தக் குளிரில் மருந்து வேலை செய்யாது. சுடவைத்துக் கலந்து, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பார்த்தேன். பதம் சரி.

கும்மிருட்டில் கடிகாரம் எதற்கு ஆகும்? சுருளின் இரண்டு நுனியையும் பிடித்துத் தட்டில் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடுவேன். நாலு அடித் தாலாட்டை நிதானமாகப் பதினைந்து தரம் பாடினால் படம் தெளிந்துவிடும். ஆட்டுகிற கைக்கும் அது தோதாக இருக்கும். வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பொன்னி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"பிள்ளையப் புள்ளக்காம்பராவுல விட்டுட்டு யாரடி தூங்க வைக்கிற? அண்ணனயா?"

மழை

எட்டாவது தரம் பாடும்போது தகரத்தில் மழை கொட்டியது. மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த லெச்சுமி அக்காவிடம் கம்பளி இல்லை. தொப்பலாக நனைந்து ஓடி வந்தவளுக்குக் கம்பளி ஞாபகம் இருந்ததே தவிர, அது எதை மறைத்துக்கொண்டு தொங்குகிறது என்பது மறந்துவிட்டது. கதவைத் தள்ளி ஒரே இழுப்பு. ஆணியோடு வந்துவிட்டது.

நான் தட்டின் மேல் குப்புற விழுந்து சுருளை நெஞ்சால் மூடினேன். வலது கையில் பிடித்திருந்த சுருள் நுனி மட்டும் வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. "கதவ மூடுங்கக்கா" என்றேன். மூடினாள், கம்பளியைத் திரும்பவும் கதவோடு சேர்த்துத் தானே பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். மிச்சத் தாலாட்டையும் எப்படியோ பாடி முடித்தேன். அக்கா சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கம்பளியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எங்க படமும் இதுலதானே இருக்கு?"

பீலியடியில்

படம் அழியாமல் நிற்க ஹைப்போ மருந்தில் போட்டு எடுத்த சுருளைப் பீலியடிக்குக் கொண்டுபோய் அலசினேன். கடைசிப் படத்தில் பாதி கரியாகிக் கிடந்தது. எந்தப் பாதி என்று பார்க்கவே மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கங்காணி வந்தார். முதல் படம் அவருடையது. என் நெஞ்சுக்கு அடியில் பத்திரமாகத் தப்பியிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். சுருளில் வெள்ளையெல்லாம் கறுப்பாகத்தான் விழும்; நரைத்த மீசை கன்னங்கரேலென்று இருந்தது. வேட்டியும் அப்படித்தான். பேப்பரில் போட்டால் எல்லாம் பழையபடி வெளுத்துவிடும் என்றேன். மனுசன் பதறிப்போனார்.

"வேணாந் தாயி, இதையே குடு. வேட்டி வெளுக்க வண்ணான் இருக்கான், மீச கறுக்க யார் இருக்கா?"

வெள்ளிக்கிழமை ரயில்

பேப்பரில் போட்டதும் பொன்னி தெளிவாக வந்தாள். அக்கா நின்ற இடம் முழுக்க வெள்ளை, மலையில் பனி இறங்கி மூடினதுபோல. பொன்னியின் தோளில் போட்ட கை மட்டும் வளையலோடு தெரிந்தது. இரண்டு பிரதியையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு றொசல்லை ஸ்டேசனுக்குப் போனேன். தலை நிமிராமல்தான் நீட்டினேன். லெச்சுமி அக்கா தன்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "போறவ மூஞ்சி இருக்குல்ல, போதும். என் மூஞ்சியப் பாக்க வீட்ல கண்ணாடி இருக்கு" என்றாள்.

சரி, போகிறவளுக்கு அக்கா மூஞ்சி வேண்டாமா? ரயில் வருகிற சத்தம் கேட்டது. பொன்னி தன் படத்தைச் சேலைக்கு நடுவில் வைத்து மூட்டையைத் திரும்பக் கட்டினாள்.

"அக்கா மூஞ்சி எனக்கு மறக்குமா? என்னய வளத்ததும் அடிச்சதும் இந்தக் கைதான்னு அங்க நாலு பேருக்குக் காட்ட வேணாமா?"

மழைக்காலத்தில் பக்கத்துக் காம்பராக் கம்பளியை நம்பிப் படம் கழுவக்கூடாது என்று அன்றைக்கே படித்துக்கொண்டேன், ஆனால் அந்தக் கம்பளி இல்லாமல் அதற்குப் பிறகும் ஒரு படம் கழுவினதில்லை.