மோட்டாரம்மாவின் குழாய்

சலவைக்கடைக்காரியைத் தெருவில் எல்லோரும் மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால் பாறையைத் துளைத்துப் போட்ட ஆழ்துளைக் கிணறு அவளுடையது. கோடையில் பொதுக்குழாய் வெறும் காற்றைத் துப்பும்போது, அவள் மோட்டார் சத்தம் கேட்டாலே தெரு குடத்தோடு வந்து நிற்கும். யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"நம்ம தண்ணியக் குடிச்சா ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேணாம்" என்று பீற்றிக்கொள்வாள்.

"அப்போ டாக்டருங்க உன் மேலதான் கேஸ் போடுவாங்க" என்பார், துணி தேய்த்தபடி அவள் புருஷன்.

எதிர்வீட்டுத் தையல்காரருக்கு முதலில் கால் வீங்கியது. உட்கார்ந்தே தைக்கிற உடம்பு, வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். "நெறைய தண்ணி குடிங்கண்ணே, எல்லாம் வடிஞ்சிடும்" என்று மோட்டாரம்மா தினமும் தன் கையால் ஒரு குடம் கொண்டுபோய் வைத்தாள். பிறகு முகமும் ஊதியது. ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி தெருத்தெருவாகக் கிணற்று நீர் எடுத்துப் போனாள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"இதுல யுரேனியம் அதிகமா இருக்கும்மா. குடிக்கவோ சமைக்கவோ வேணாம்."

"எந்தப் பாவி கொட்டினான்?"

"யாரும் கொட்டல. பாறையிலேயே இருக்கிறதுதான். தண்ணியில கரைஞ்சு வருது."

"கொதிக்க வச்சா?"

"போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் அதிகமாத்தான் சேரும். துணி துவைக்கலாம், குளிக்கலாம். வயித்துக்குள்ள போனா சிறுநீரகத்துக்கு ஆகாது."

மோட்டாரம்மா எதிர்வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "அவருக்கு இதனாலதானா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது."

குழாயைப் பூட்டினாள். தெரு வேறு மாதிரிப் பேசியது. மனசு சுருங்கிவிட்டது என்றார்கள், விலைக்கு விற்கப் போகிறாள் என்றார்கள். இத்தனை வருஷமாகக் குடித்த நாங்கள் செத்தா போய்விட்டோம் என்றும் கேட்டார்கள். விளக்கிச் சொல்லி அவள் தொண்டை காய்ந்துபோயிற்று.

மறுநாள் தையல்காரர் மனைவி குடத்தோடு வந்தாள். "எனக்கு மட்டும் ஒரு குடம் குடுக்கா. அவருக்கு மாத்திரை போடணும்."

மோட்டாரம்மா அவளை உள்ளே உட்காரவைத்து, ஆய்வுக்காரப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். தினமும் குடம் கொண்டுபோய் வைத்ததையும் தானே சொன்னாள். தையல்காரர் மனைவி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மோட்டாரம்மாவுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு மோட்டாரம்மா நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். லாரித் தண்ணீர் வந்தது. வெகு நாள் கழித்துத் தெருமுனையில் சுத்திகரிப்பு இயந்திரமும் வைத்தார்கள். தையல்காரருக்கு வாரம் இரண்டு தடவை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இப்போது அவர் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்.

ஒருநாள் அவர் மனைவியே கடைக்கு வந்தாள். "நாளைக்கு அவரக் கூட்டிட்டுப் போகணும். தனியா முடியல. கூட வரியாக்கா?"

"வரேன்" என்றாள் மோட்டாரம்மா.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் தனக்கும் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டாள். சிறுநீரகத்தில் லேசான கோளாறு இருக்கிறது, அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, தையல்காரரைக் கைத்தாங்கலாகப் படி இறக்கினாள்.